தம்பி உள்ளே படித்தான், நாங்கள் வெளியே காகிதம் சேர்த்தோம்

என் தம்பி பி.காம். படித்தது புழல் சிறையில். இன்றைக்கு மாதவரத்தில் ஒரு லாரி டிரான்ஸ்போர்ட் ஆபீசில் கணக்குப் பார்க்கிறான். இதை எழுத அவன் சம்மதித்திருக்கிறான், "பேரை மட்டும் போடாதே அக்கா" என்று கேட்டுக்கொண்டான். வழக்கைப் பற்றி நிறைய எழுதப் போவதில்லை. வியாசர்பாடியில் ஒரு தெருச் சண்டை, ஒருவருக்குப் பலத்த காயம், கொலை முயற்சி வழக்கு, ஏழு வருடத் தண்டனை. காயப்பட்டவருக்கும் குடும்பம் இருக்கிறது, அவர்களும் அதே பகுதியில்தான் இருக்கிறார்கள். அவர்கள் பட்டதை நான் எழுதுவது முறையில்லை.

பெரம்பூர் பக்கம் எனக்கு ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை. மனு பார்க்க, அதாவது சிறையில் இருப்பவரை நேரில் பார்த்துப் பேச, காத்திருக்கும் இடத்தில் பழக்கமான அம்மாக்களும் மனைவிமார்களும் இப்போதும் படிவம் நிரப்ப என்னிடம் வருகிறார்கள். அவர்களிடம் முதலில் சொல்வதையே இங்கேயும் சொல்கிறேன். உள்ளே இருப்பவர் மனசு வைத்தால் படித்துவிடுவார். நேரம் இருக்கிறது, சொல்லிக்கொடுக்க ஆள் கிடைக்கிறார்கள், தேர்வு மையமும் சிறைக்குள்ளேயே வருகிறது. ஆனால் அந்தப் படிப்பு வெளியே வந்த பிறகு செல்லுமா என்பது காகிதத்தைப் பொறுத்தது. டி.சி., மார்க் ஷீட், ஆதார், போன் நம்பர், தீர்ப்பு நகல் எல்லாம் வெளியே அலைந்து சேர்க்கவேண்டியவை. அந்த அலைச்சலுக்கு வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

புழலுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். சென்ட்ரல் ஸ்டேஷன் எதிரில் இருந்த பழைய ஜெயில் 2006-ல் புழலுக்கு மாறிவிட்டது. அந்த இடத்தில் இப்போது மருத்துவக் கல்லூரிக் கட்டடங்கள் நிற்கின்றன. புழலில் தண்டனைச் சிறை, விசாரணைச் சிறை, பெண்கள் தனிச்சிறை என்று மூன்றும் ஒரே வளாகத்தில் தனித்தனியாக இருக்கின்றன. படிப்புக்கு இந்தப் பிரிவு முக்கியம். விசாரணைச் சிறையில் இருப்பவர் அடுத்த வாரமே ஜாமீனில் வந்துவிடலாம், வாய்தாவுக்கு வெளியே போகலாம். நாட்டில் சிறையில் இருப்பவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள்தான். மூன்று வருடப் படிப்பு என்பது பெரும்பாலும் தண்டனை பெற்றவர்கள் கையில்தான் நிற்கிறது. என் தம்பி 2014-ல் கைதானான், 2016-ல் தண்டனை வந்தது. அதற்குப் பிறகுதான் படிப்பைப் பற்றி அவனோடு உட்கார்ந்து பேச முடிந்தது. உட்கார்ந்து என்று சொல்வது பழக்கதோஷம், மனு பார்க்கும் இடத்தில் நின்றுகொண்டு கத்தித்தான் பேசவேண்டும்.

அவனுக்கு ஆசை வந்தது உள்ளே கேட்ட ஒரு செய்தியால். பேரறிவாளன் 2012-ல் வேலூர் சிறையிலிருந்து ப்ளஸ் டூ எழுதி 1200-க்கு 1096 மார்க் எடுத்ததை அங்கே எல்லோரும் பேசுவார்களாம். தம்பி பத்தாவது பாஸ், ப்ளஸ் ஒன் பாதியில் நின்றவன். "அக்கா, நேரா டிகிரிக்கே சேரலாமாம், இங்க ஒருத்தர் சொல்றாரு" என்றான்.

அவர் சொன்னதில் தப்பில்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், அதாவது இக்னோவில், ப்ளஸ் டூ இல்லாதவர்கள் ஆறு மாத ஆயத்தப் படிப்பு ஒன்றை முடித்துவிட்டு டிகிரியில் சேர அப்போது வழி இருந்தது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் தமிழ்நாட்டில் அந்த வழியில் போகாதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்கிறேன். பத்தாவது, ப்ளஸ் டூ, அப்புறம் டிகிரி என்ற வரிசை இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய பட்டத்தை அரசு வேலைக்கு ஏற்க முடியாது என்று 2009-ல் தமிழக அரசு ஆணை போட்டிருக்கிறது. உச்ச நீதிமன்றமும் அதே வருடம் அந்த மாதிரித்தான் தீர்ப்புச் சொன்னது. சட்டப் படிப்புக்கும் இதே சிக்கல். அடிப்படைப் படிப்பு இல்லாமல் திறந்தநிலையில் நேராகப் பட்டம் வாங்கியவர்களை எல்.எல்.பி.யில் சேர்க்கக்கூடாது என்பது பார் கவுன்சில் விதி. உள்ளே இருந்துவிட்டு வருகிறவர்களில் எத்தனை பேர் வக்கீலாகவேண்டும் என்று ஆசைப்படுகிறார்கள் தெரியுமா! கோர்ட் வராந்தாவில் வருடக்கணக்கில் நின்றவனுக்கு அந்த ஆசை வரத்தானே செய்யும். ஆறு மாதத்தை மிச்சம் பிடிக்கப் போய் அந்தக் கதவை மூடிக்கொள்ளவேண்டாம்.

அதனால் தம்பி முதலில் ப்ளஸ் டூ தனித்தேர்வராக, அதாவது பள்ளிக்குப் போகாமல் நேரடியாக, எழுதினான். படிவம் சிறைக் கல்விப் பிரிவு மூலமாகப் போகும். ஆனால் பத்தாவது மார்க் ஷீட்டும் டி.சி.யும் நாம்தான் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். பாதியில் நின்ற பையன்களின் டி.சி. பெரும்பாலும் பள்ளியிலேயே கிடக்கும். தம்பி படித்த பள்ளியில் "ஜெயிலுக்கா கேக்குறீங்க?" என்று முகத்தைச் சுளித்து இழுத்தடித்தார்கள். கடைசியில் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்த பிறகு கிடைத்தது. எந்தக் காரணத்துக்காக என்று பள்ளியில் விளக்கம் சொல்லவே தேவையில்லை. "மேற்படிப்புக்கு" என்று எழுதிக் கேட்டால் போதும், அதுதானே உண்மையும்.

பத்தாவதே முடிக்காதவராக இருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். தனித்தேர்வர்கள் அறிவியல் செய்முறைக்கு முன்கூட்டியே தனியாகப் பதிவு செய்யவேண்டும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் அடுத்த தேர்வுவரை காத்திருக்கவேண்டும். அரசுத் தேர்வுகள் துறை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், நாம் பழக்கத்தில் டி.பி.ஐ. என்று சொல்லும் வளாகத்தில் இருக்கிறது. பாடப் புத்தகமும் அங்கேயே விற்கிறார்கள். நான் தம்பிக்கு வணிகவியல், கணக்குப்பதிவியல் புத்தகங்களை அங்கேதான் வாங்கினேன்.

டிகிரிக்கு எந்தப் பல்கலைக்கழகம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஆளைப் பார்த்து மாறும். இக்னோவில் சிறைவாசிகளுக்குக் கட்டணம் கிடையாது. வருடத்துக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும், சேர்க்கை. ஜூனிலும் டிசம்பரிலும் தேர்வு. மூன்று வருடப் பட்டத்தை ஆறு வருடத்துக்குள் முடிக்கலாம். நடுவில் வாய்தா, மாற்றம், உடம்பு சரியில்லை என்று தடங்கல் வரும் வாழ்க்கைக்கு இந்த அவகாசம் பெரிய உதவி. ஆனால் பி.காம். பாடங்கள் ஆங்கிலத்தில். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர் முதல் புத்தகத்தைத் திறந்ததுமே மூடிவைக்க வாய்ப்பு அதிகம். அவருக்குச் சைதாப்பேட்டையில் இருக்கும் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பொருத்தம், தமிழிலேயே பி.ஏ. படிக்கலாம். எந்தப் பட்டம் பெரியது என்று யோசிப்பதைவிட, எதை அவர் முடிப்பார் என்று யோசிப்பது நல்லது.

தம்பி 2017 ஜூலையில் இக்னோ பி.காம். சேர்ந்தான். ஆங்கிலம் அவனை வாட்டியது. அந்த பிளாக்கில் ஒரு பெரியவர், ஆயுள் தண்டனைக்காரர், ஒரு காலத்தில் வங்கியில் வேலை பார்த்தவர். அவர்தான் வரவு செலவு, இருப்புநிலைக் குறிப்பு எல்லாம் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். "தம்பி, ரெண்டு பக்கமும் சரியா வரலேன்னா தூங்காதே" என்பாராம். என் தம்பிக்குப் படிப்பு வந்ததற்கு முதல் காரணம் அவர். கல்லூரியில் பணம் கட்டிப் படித்த எனக்கு அப்படி ஒரு ஆசிரியர் அமையவில்லை.

நான் என் பங்குக்கு ஒவ்வொரு பாடத்திலும் வரும் கடினமான ஆங்கிலச் சொற்களைத் தமிழ் அர்த்தத்தோடு பெரிய எழுத்தில் டைப் செய்து பிரிண்ட் எடுத்துக் கொடுப்பேன். ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொண்டுபோனபோது கம்பி இருக்கிறதென்று அனுமதிக்கவில்லை. அதனால் நூல் தையல் போட்டோம். நோட்டில் எங்கேயும் போன் நம்பரோ வேறு குறிப்போ எழுதாமல் இருந்தால் சோதனையில் சீக்கிரம் உள்ளே போகும். அசைன்மென்ட்டுக்கு முப்பது சதவீத மதிப்பெண். கையால் எழுதி ஒவ்வொரு பாடத்துக்கும் அனுப்பவேண்டும். தேர்வில் காட்டும் கவனத்தை இதில் பலர் காட்டுவதில்லை, அப்புறம் எல்லாத் தேர்விலும் பாஸாகியும் பட்டம் வராமல் நிற்கிறது. உள்ளே ஜெராக்ஸ் வசதி கிடைக்காவிட்டால், எழுதி முடித்ததை வீட்டுக்கு அனுப்பச் சொல்லி, நகல் எடுத்து வைத்துக்கொண்டு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். கொடுத்த இடத்தில் சீல் வைத்த ரசீது வாங்காமல் வராதீர்கள்.

இப்போது சேருகிறவர்களுக்கு எங்கள் காலத்தில் இல்லாத ஒரு தலைவலி இருக்கிறது. 2024 முதல் தொலைநிலைப் படிப்பில் சேர பல்கலைக்கழக மானியக் குழுவின், அதாவது யு.ஜி.சி.யின், டெப் ஐடி என்ற மாணவர் எண் கட்டாயம். அதற்கு முன்னால், படிப்பின் கிரெடிட்டுகளைச் சேர்த்துவைக்கும் கணக்கான ஏபிசி ஐடி வேண்டும். அதை எடுக்க ஆதாரில் இணைத்த போனுக்கு ஓ.டி.பி. வரும். உள்ளே இருப்பவருக்கு ஏது போன்? அவர் கைதாகும்போது வைத்திருந்த நம்பர் இதற்குள் வேறு யாருக்கோ போயிருக்கும். ஆதாரில் நம்பரை மாற்ற அந்த ஆளே இருக்கவேண்டும். ஆகவே முதலில் சிறைக் கல்விப் பிரிவில் இதற்கு என்ன ஏற்பாடு இருக்கிறது என்று கேளுங்கள். ஏற்பாடு இல்லாவிட்டால் பரோலில் வரும் நாட்களில் முதல் வேலையாக ஆதார் மையத்துக்குக் கூட்டிப் போங்கள். கொடுக்கும் நம்பர் வீட்டில் மாறாமல் இருக்கும் ஒருவருடையதாக இருக்கட்டும். ஆதாரில் இருக்கிற பெயரும் மார்க் ஷீட்டில் இருக்கிற பெயரும் இனிஷியலோடு ஒத்துப்போகிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த இனிஷியல் தகராறு இருக்கிறது.

பரோல் என்று நாம் சொல்வதற்குச் சிறையில் விடுப்பு என்று பேர், சாதாரண விடுப்பு ஒன்று, அவசரகால விடுப்பு ஒன்று. விடுப்புக் கேட்டால் நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரிப்பார். அந்த வருகையை நாங்கள் பயத்தோடு எதிர்பார்த்தோம். ஆனால் வந்தவர் அம்மாவிடம் பொறுமையாகப் பேசினார். விடுதலையான பிறகு என்ன திட்டம் என்று கேட்டவர் வெளியாட்களில் அவர் ஒருவர்தான். விடுதலையானவர்களுக்கு உதவும் சங்கம் ஒன்று இருப்பதையும், தொழில் தொடங்க அதில் விண்ணப்பிக்கலாம் என்பதையும் அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். நன்னடத்தை அலுவலரின் பேரையும் அலுவலகத்தையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், வெளியே வந்த பிறகும் அவரிடம் போகலாம்.

2020-ல் கொரோனா வந்து மனு நின்றுபோனது. வீடியோ காலில் முகத்தைப் பார்த்தோம். ஜூன் தேர்வு செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. அந்த வருடம் எல்லோருக்கும் கஷ்டம்தான், அதைவிட அதிகமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2021 தொடக்கத்தில், நன்னடத்தைக்காகக் குறைக்கும் நாட்கள், அதாவது தண்டனைக் கழிவு போக, தம்பி விடுதலையானபோது சில தாள்கள் பாக்கி இருந்தன. படிப்பை அப்படியே விட்டுவிடுகிற இடம் இதுதான். நாங்கள் விடுதலைக்கு முன்பே பதிவு எண், மண்டல மையம், பாக்கித் தாள்களின் குறியீடு மூன்றையும் எழுதி வாங்கியிருந்தோம். வந்ததும் தேர்வு மையத்தை வெளியே மாற்றி எழுதினான். வேறு ஊர்ச் சிறைக்கு மாற்றினாலும் இதே விவரங்கள்தான் கைகொடுக்கும்.

வெளியே வந்தவனை நாங்கள் வியாசர்பாடிக்குக் கூட்டிப் போகவில்லை. ஆவடியில் சித்தி வீட்டில் சில மாதம் வைத்திருந்தோம். பழைய கூட்டாளிகள் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன், அவர்களில் சிலர்தான் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனவர்கள். ஆனால் அதே தெருமுனையில் அவன் நின்றால் எந்தச் சண்டைக்கும் அவன் பேர்தான் முதலில் எழுதப்படும். இனி எந்தத் தகராறுக்கும் போகமாட்டேன் என்று நன்னடத்தைப் பிணை எழுதிக்கொடு என்று போலீசில் யாராவது கூப்பிட்டால், படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், நகல் கேளுங்கள், வக்கீலோடு போங்கள். வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் இலவசச் சட்ட உதவி கிடைக்கும்.

அவன் உள்ளே போனபோது பட்டன் போன் வைத்திருந்தான். வந்தபோது டீக்கடையில்கூட ஜிபே. பஸ்ஸில் ஏறத் தயங்கினான், ஹோட்டலில் சர்வர் வந்து கேட்டால் எழுந்து நின்றுவிடுவான். யாராவது சொன்னால்தான் சாப்பிடுவது, சொன்னால்தான் தூங்குவது என்று பழகியிருந்தது. டிகிரி படித்தவன்தானே, உடனே வேலைக்குப் போகட்டும் என்று உறவினர்கள் அவசரப்படுத்தினார்கள். அந்த முதல் சில மாதங்களுக்கு வீட்டில் கொஞ்சம் பணம் எடுத்துவைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. அவன் சிறையில் வேலை செய்து சேர்ந்த கூலியும் இருந்தது. அதில்தான் டேலி என்ற கணக்கு மென்பொருள் வகுப்புக்குச் சேர்ந்தான். பி.காம். சான்றிதழைவிட டேலியும் ஜி.எஸ்.டி. தாக்கலும்தான் சின்னக் கம்பெனிகளில் வேலை வாங்கித் தருகின்றன.

முதலில் அம்பத்தூர் பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. சேர்ந்து கொஞ்ச நாளில் பின்னணிச் சோதனை என்றார்கள். நீதிமன்ற இணையதளத்தில் பேரைப் போட்டால் வழக்கு வந்துவிடுகிறது. மறுநாள் வரவேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்கள். தம்பி அன்றிரவு சாப்பிடவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பானே, யாரும் கேட்கவே இல்லையே என்று எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒரு முறையைக் கடைப்பிடித்தோம். தீர்ப்பின் சான்றிட்ட நகல், விடுதலைச் சான்று, மார்க் ஷீட்டுகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, நேர்முகத்தில் அவர்கள் கேட்பதற்கு முன்பே அவன் சொல்லிவிடவேண்டும். நீளமாக வேண்டாம், மூன்று வாக்கியம். வழக்கு என்ன, தண்டனை எப்போது முடிந்தது, அந்தக் காலத்தில் என்ன படித்தேன். பல இடங்களில் அதோடு பேச்சு முடிந்துவிட்டது. டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் முதலாளி கோப்பை வாங்கித் தீர்ப்பை முழுதாகப் படித்தார். "லாரித் தொழில்ல கேஸ் பாக்காதவன் யாருப்பா, கணக்கு சரியா எழுதுவியா?" என்று கேட்டார். பெரிய கம்பெனிகளைவிட, முதலாளியே எதிரில் உட்கார்ந்து பேசும் இடங்களில் முயற்சி செய்யுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

அரசு வேலைக்கு விண்ணப்பிப்பவர்கள் வழக்கை ஒருபோதும் மறைக்கக்கூடாது. குற்றவாளி இல்லை என்று கோர்ட் விடுவித்த வழக்காக இருந்தாலும் படிவத்தில் கேட்டால் எழுதவேண்டும். மறைத்தது தெரிந்தால் அதுவே தனிக் காரணமாகி வேலை போகலாம். இதைப் பற்றி 2016-ல் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொல்லியிருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு நினைப்பவர்கள் பாஸ்போர்ட் சட்டத்தைப் பார்க்கவேண்டும். ஒழுக்கக்கேடு என்று கருதப்படும் குற்றத்துக்கு இரண்டு வருடமோ அதற்கு மேலோ தண்டனை பெற்றிருந்தால், தண்டனை கிடைத்த ஐந்து வருடத்துக்குள் பாஸ்போர்ட்டை மறுக்கலாம். ஏஜென்ட் யாராவது அதற்குள் எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். வக்கீலாகப் பதிவு செய்வதற்கும் அந்த மாதிரிக் குற்றத்தில் விடுதலையான நாளிலிருந்து இரண்டு வருடம் தடை உண்டு, அப்புறம் தடை நீங்கிவிடும். இதைத் தெரியாமல் ஆயுசுக்கும் முடியாது என்று ஆசையைக் கைவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வெளியாட்கள் உதவ நினைத்தால் ஒரு எளிய வழி இருக்கிறது. சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை "கூண்டுக்குள் வானம்" என்று ஒரு அரங்கு வைத்துச் சிறை நூலகங்களுக்குப் புத்தகங்களை நன்கொடையாகப் பெறுகிறது. வீட்டில் இடத்தை அடைக்கும் பழைய புத்தகங்களைத் தள்ளிவிடும் இடமாக அதை நினைக்கவேண்டாம். ஆங்கிலம் தமிழ் அகராதி, ப்ளஸ் டூ பாடநூல், கணக்குப்பதிவியல், அடிப்படை ஆங்கில இலக்கணம், இவற்றில் ஒன்றைப் புதிதாக வாங்கிக் கொடுங்கள். ஒரு அகராதிக்கு உள்ளே எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள் என்று தம்பியைக் கேட்டால் சொல்வான்.

போன வாரம் எருக்கஞ்சேரியிலிருந்து ஒரு அம்மா வந்தார். மகன் விசாரணைச் சிறையில், ஒன்பதாவதோடு நின்றவன், ஜாமீன் எப்போது என்று தெரியாது. உள்ளே என்ன படிக்கவைக்கலாம் என்று கேட்டார். இப்போது டிகிரிப் பேச்சு வேண்டாம், பத்தாவது தனித்தேர்வருக்குத் தயாராகட்டும், ஜாமீனில் வந்தாலும் வெளியிலிருந்து எழுதலாம் என்று சொன்னேன். பள்ளியில் டி.சி. கேட்க ஒரு கடிதமும், செய்முறைப் பதிவு எப்போது என்று விசாரிக்கவேண்டிய இடத்தையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கணக்குப் பாடத்தில் சந்தேகம் இருந்தால் தாளில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை என் தம்பி விடை எழுதித் தருவான் என்றும் சொல்லியிருக்கிறேன்.